பதிலியும் மூலமும்



இந்த வாரம் ஒரு தொழில்நுட்பச் சொல்லில் தொடங்கி, என் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட விரும்புகிறேன். சொல், 'புராக்ஸி'. தமிழில் 'பதிலி' எனலாம். வீடியோ எடிட்டிங் செய்கிற நம் வாலிபர்களுக்கு இது அன்றாடச் சொல். எனக்கோ ஐம்பது வயதைக் கடந்த பின்பு, அதுவும் ஓர் இழப்பின் வழியாகவே இதன் பொருள் விளங்கியது.

எங்கள் சபையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊழியம் செய்த ஒரு வயதான உபதேசியார் இருந்தார். ஆலயத்துக்கு ஓடு வேய்ந்த நாள், ஆற்றில் வெள்ளம் ஏறிய நாள், சபையார் ஒவ்வொருவரின் தாத்தா பாட்டி என எல்லாம் அவர் நினைவில் இருந்தன. அவரை உட்காரவைத்து, சபைக் கேமராவில் இரண்டு மணி நேரம் பேசவைத்தேன். 4கே தரத்தில் பதிவு செய்தேன். சபைநாளில் திரையிட அரை மணி நேரப் படமாகத் தொகுக்கலாம் என்பது என் எண்ணம்.

மடிக்கணினியில் ஏற்றியபோது படம் நகரவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்வார், உறைந்து நிற்பார், உதடு ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலுமாகத் தொடரும். உதவி கேட்டபோது, மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி காரணத்தை விளக்கினார். கேமரா ஒவ்வொரு சட்டகத்தையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. இடைவெளி விட்டு ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளவற்றுக்கு மாற்றங்களை மட்டுமே குறித்துவைக்கிறது. நடுவில் ஒரு சட்டகத்தைக் காட்டச் சொன்னால், கணினி அந்த முழுப் படத்தைத் தேடி எடுத்து, மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, கேட்டதை உருவாக்கித் தரவேண்டும். கோப்பு சுருங்குகிறது, கணினியின் உழைப்போ பெருகுகிறது.

அதற்கு மருந்துதான் பதிலி. மூலக்கோப்பிலிருந்து ஓர் எளிய நகலை உண்டாக்கி, அதை வைத்து வெட்டி ஒட்டுவது. 4கே படத்தில் 3840க்கு 2160 புள்ளிகள். 1280க்கு 720 நகலில் அதன் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே. என் கேமரா நொடிக்கு 100 மெகாபிட் பதிகிறது. மணிக்கு ஏறக்குறைய 45 ஜிபி. இரண்டு மணி நேரத்துக்கு 90 ஜிபி. நான் எடுத்த பதிலி முழுவதும் 5 ஜிபிக்கும் குறைவு. டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் இதற்கென ஒரு கட்டளையே இருக்கிறது. 2022இல் வந்த 18ஆம் பதிப்புடன் பதிலி உண்டாக்குவதற்கென்றே தனிச் செயலியும் வந்தது. கோப்பின் பெயர், நேரக் குறியீடு, நொடிக்கு எத்தனை சட்டகம் என்பவை மூலத்தோடு ஒத்திருந்தால் போதும். வேலை முடிந்ததும் மென்பொருள் பதிலியை விட்டு மூலத்துக்குத் திரும்பி, முழுத் தரத்தில் படத்தை ஆக்கித் தரும்.

இது புதிய ஞானமும் அன்று. படச்சுருள் காலத்தில் கோடம்பாக்கத்தில் நெகட்டிவை யாரும் எளிதில் தொடமாட்டார்கள். அது லேபில் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்டைத்தான் மூவியோலாவில் போட்டு வெட்டுவார்கள். கீறல் விழும், கிழியும், பசை ஒட்டும். அதற்காகத்தானே அந்த நகல்! நெகட்டிவின் ஓரத்தில் உள்ள எண்கள் அந்த நகலிலும் பதிந்திருக்கும். அவற்றை ஒத்துப் பார்த்துக் கடைசியில் நெகட்டிவை ஒரே ஒருமுறை வெட்டுவார்கள். 1994இல் வெளிவந்த 'மகாநதி', அவிட் கணினித் தொகுப்பைக் கையாண்ட முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படுகிறது. கணினி வந்த அந்த நாட்களிலும் தரம் குறைந்த நகலில் தொகுத்து, எண்களின் பட்டியலைக் கொண்டு நெகட்டிவுக்குத் திரும்புவதே வழக்கம். கருவிகள் மாறின, மூலத்துக்குத் திரும்பவேண்டும் என்ற ஒழுங்கு மாறவில்லை.

அந்த ஒழுங்கைத்தான் நான் மீறினேன். பதிலிகள் தயாரானதும் படம் ஆற்றுநீர் போல ஓடியது. கணினியிலோ இடம் இல்லை. இரண்டு கோப்புறைகளிலும் ஒரே பெயருடைய கோப்புகள். சிறிய திரையில் இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்று போதுமே என்று பெரியவற்றை அழித்தேன். கேமராவின் மெமரி கார்டை அதற்கு முன்பே அழித்து, இரண்டு ஞாயிறு ஆராதனைகளை அதில் பதிவு செய்திருந்தேன். அழித்தது மூலம் என்பதைப் பல வாரங்கள் நான் உணரவே இல்லை.

அந்த வாரங்களில் நடந்ததைத்தான் சொல்லத் தயங்குகிறேன். உபதேசியார் படுக்கையில் விழுந்தார். அவர் வீடு தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தால் கால் மணி நேர நடை. நானோ இரவுதோறும் அவர் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே இருமுகிறார், எங்கே கண் கலங்குகிறார், எங்கே சிரிப்பை அடக்குகிறார் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். வாவுபலிப் பொருட்காட்சிக் கூட்டத்தில் பாலத்தைக் கடப்பது சிரமம் என்று ஒரு வாரம் தள்ளினேன். அடுத்த வாரம் அலைபேசியில் முகம் பார்த்து ஜெபித்தேன். அவருக்காகத்தானே உழைக்கிறேன் என்று மனச்சாட்சிக்குப் பதில் சொன்னேன். கடைசி மூன்று மாதங்களில் நேரில் போனது இரண்டே முறை. "ஐயர் இண்ணு வருவாரா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்ததை அடக்கத்துக்குப் பின்புதான் அறிந்தேன்.

நினைவு ஆராதனைக்காகப் படத்தை முழுத் தரத்தில் ஆக்க முயன்ற இரவில் மென்பொருள் மூலக்கோப்புகளைத் தேடியது. அவை எங்கும் இல்லை. பதிலியிலிருந்தே படத்தை ஆக்கி, ஆலயத்தின் பெரிய திரையில் காட்டினோம். முகம் மங்கலாக இருந்தது. நெற்றிக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்திருந்தன. அவர் கண் கலங்கிய இடத்தில் கண்ணீர் தெரியவில்லை. சட்டமிட்டு வீட்டில் மாட்ட ஒரு நிழற்படம் எடுத்துத் தரும்படி அவர் மகள் கேட்டபோது, பெரிதாக்கினால் கட்டங்களே தெரியும் என்பதை எப்படிச் சொல்வது? நடந்ததை மறைக்காமல் சொன்னேன். படத்தை மட்டுமல்ல, வராமல் போன நாட்களையும் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "போட்டும் ஐயரே, அப்பாக்க சத்தம் இருக்குல்லா" என்றார். உண்மைதான். பதிலியில் படத்தின் தரத்தைத்தான் குறைத்திருந்தேன்; ஒலியை அப்படியே விட்டிருந்தேன். குரல் தெளிவாக இருந்தது. ஆனால் வராத நாட்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் மன்னிப்பென்று எடுத்துக்கொள்ளத் துணியவில்லை.

பிரியமானவர்களே, பதிலி பாவமன்று. அது இல்லாமல் என் மடிக்கணினியில் அந்தப் படமே உருவாகியிருக்காது. கூடாரமும் பலிகளும் பரலோகக் காரியங்களின் சாயல் என்று எபிரெயர் நிருபம் கற்பிக்கிறது. சாயலைக் கொடுத்தவரும் தேவனே. யோவானின் இரண்டாம், மூன்றாம் நிருபங்களின் முடிவை வாசித்துப் பாருங்கள். சொல்லவேண்டியது நிறைய இருந்தும் கடிதத்தோடு முடித்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. நேரில் வந்து பேசவே விரும்புகிறார். இறையியல் கல்லூரியில் அந்த வசனங்களை மூலமொழியில் படித்துத் தேர்வு எழுதியவன் நான். கடிதம் என்ற பதிலியை எழுதும்போதே மூலத்துக்குத் திரும்பும் வழியை அப்போஸ்தலன் திறந்து வைத்திருந்தான் என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

நம்மில் பலர் இன்று பதிலிகளால் வாழ்கிறோம். தாயைப் பார்ப்பதற்குப் பதில் வீடியோ அழைப்பு; வேதத்தைத் திறப்பதற்குப் பதில் பகிரப்பட்ட ஒரு வசனப் படம்; வியாதியஸ்தரைச் சந்திப்பதற்குப் பதில் வாட்ஸப்பில் கூப்பிய கைகள். வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைக்கு அந்த அழைப்பைவிட்டால் வேறு வழியில்லை; அவனை நான் குறை சொல்லேன். கால் மணி நேர நடையில் இருந்த என்னைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஆகவே இரண்டு காரியங்கள். வீடியோ வேலை செய்யும் தம்பி தங்கைகளே, மூலக்கோப்பை இரண்டு தனித்தனி வட்டுகளில் சேமித்து, இரண்டையும் திறந்து சரிபார்த்த பின்பே மெமரி கார்டை அழியுங்கள். பதிலிகளின் கோப்புறைக்கு வேறு பெயர் இடுங்கள். இடம் போதாவிட்டால் பதிலியை அழியுங்கள்; மூலத்திலிருந்து அதை எப்போதும் மீண்டும் உண்டாக்கலாம். பதிலியிலிருந்து மூலத்தை உண்டாக்க ஒருவராலும் ஆகாது.

மற்றது நம் எல்லோருக்கும். உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முகம் இப்போது உங்கள் மனதில் வந்திருக்கும். இதை வாசித்து முடித்ததும் அந்த வீட்டுக்குப் புறப்படுங்கள். நானும் இன்று மாலை பாலத்தைக் கடக்கிறேன். அந்தப் பக்கம் படுக்கையில் இருக்கும் இன்னும் இருவர் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.