ரோஸியின் முகத்தில் ஃபோகஸ்

கறுத்த முகத்துக்கு லைட்டிங் செய்யும்போது வெளிச்சத்தின் அளவைவிட அது வரும் பரப்புதான் முக்கியம். பக்கவாட்டில் பெரிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியே ஒளியை விட்டால் கன்னத்திலும் நெற்றியிலும் தோலின் பளபளப்பே வேலையைச் செய்யும். பின்னணியைக் கொஞ்சம் இருட்டாக்கினால் முகம் தானாக முன்னே வரும். திருவனந்தபுரத்துப் படப்பிடிப்புகளில் இதற்காகப் பலமுறை வாதாடியிருக்கிறேன். "முகம் டல்லா இருக்கு, கொஞ்சம் தூக்குங்க" என்று மானிட்டர் பக்கமிருந்து ஒரு குரல் வந்துவிடும்.

அப்போதெல்லாம் பி.கே. ரோஸி நினைவுக்கு வருவார். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' இதே ஊரில், பட்டம் பகுதியில் ஸ்டுடியோ போட்டு எடுக்கப்பட்டது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு எல்லாம் ஜே.சி. டேனியல், கதாநாயகனும் அவரே. கேப்பிட்டல் தியேட்டரில் அது திரையிடப்பட்ட ஆண்டை 1928 என்பார்கள், 1930 என்பாரும் உண்டு. புலையர் சமூகத்துப் பெண்ணான ரோஸி அதில் நாயகியாக, நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் திரையில் கல் விழுந்தது. நாயகியின் கூந்தல் பூவை நாயகன் முத்தமிடும் காட்சியில் கூட்டம் கொதித்தது என்கிறார்கள். ரோஸி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. நாகர்கோவில் பக்கம் வாழ்ந்து மறைந்தார். படத்தின் பிரதியும் மிஞ்சவில்லை.

அக்காலப் படச்சுருள்களில் பல சிவப்பை உணராதவை. மாநிற முகம் அவற்றில் இருப்பதைவிடக் கறுத்தே பதியும். ரோஸி திரையில் எப்படித் தெரிந்திருப்பார் என்று ஒளிப்பதிவாளனாக ஏங்கியிருக்கிறேன்.

மலையாள இயக்குநர் கமல் எடுத்து வேணு ஒளிப்பதிவு செய்த 'செல்லுலாய்ட்' (2013) டேனியலின் வாழ்க்கையோடு அந்தப் படப்பிடிப்பையும் கதையாக்கியது. சினிமா எடுப்பதைப் பற்றிய படங்களில் இதை நான் உயர்வாக வைக்கிறேன். காரணம், பட்டும் நகையும் அணிந்த தன்னைத் தானே பார்த்து மலரும் ரோஸி. அழகு பிறரின் ஆசைக்கு முன்பே அவளுக்குச் சொந்தமாகிறது. ரோஸியாக நடித்த சாந்தினியின் கண்களில் அது அப்படியே தெரிகிறது. அதே ரோஸி மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்குகிறாள். இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதை கேமரா காட்டிவிட்டால் வசனம் தேவையில்லை.

2024 கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் சிக்னேச்சர் படம் ரோஸிக்கான அஞ்சலி. நல்ல காரியம். ஆனால் அஞ்சலி செலுத்திய கையோடு கலர் கிரேடிங் அறையில் உட்கார்ந்து கதாநாயகியின் தோலை வெளுக்கிறோமே, அதை நிறுத்த வேண்டும்.

அந்தப் பூக்காட்சியை எடுக்கும் வாய்ப்பு வந்தால் ஃபோகஸைப் பூவிலோ நாயகனின் உதட்டிலோ வைக்க மாட்டேன். அவள் முகத்தில் வைப்பேன், அதன் நிறத்தைத் தொடாமல்.