அருவங்காட்டுப் பாடம்

குன்னூரில் மலை ரயில் ஏறி, வெல்லிங்டனைத் தாண்டினால் அருவங்காடு. நூறாண்டு கடந்த கார்டைட் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. பஞ்சும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்து வெடிமருந்தாகும் வித்தை! சேரும்போதே சூடு பிறக்கும். அளவு மீறினால் ஆபத்து. கல்லூரிக் கரும்பலகையில் இதைத் தப்பாக எழுதினால் மார்க்குதான் போகும். இங்கே?

கையால் பழகித்தான் இதெல்லாம் வரும். 1961-ல் வந்த தொழில் பழகுநர் சட்டம் முதலில் ஃபிட்டர், டர்னர் போன்றவர்களுக்குத்தான். பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமாக்காரர்களும் பழக வேண்டும் என்று 1973-ல்தான் திருத்தினார்கள். படித்தவருக்கும் பட்டறை வேண்டும் என்று உணரப் பன்னிரண்டு வருஷம்!

வேலை முடிந்து வந்த நரைத்த தலைக்காரர் ஒருவரிடம், "உங்கள் பரீட்சை எப்படி?" என்றேன்.

"எல்லோரும் முழுசாய் வீடு திரும்பினால் அன்றைக்குப் பாஸ், ஸார்!" என்று சிரித்தார்.