ஒரு கறுப்புக் குண்டு

தமிழ்நாட்டில் 'லாட்ஜ்' என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கும் இடம். சென்னை எழும்பூரில் இருக்கும் ஃப்ரீமேசன்ஸ் ஹாலில் கூடுகிற லாட்ஜ்களில் போய் யாரும் ரூம் கேட்க முடியாது. அங்கே லாட்ஜ் என்பது கட்டடம் அல்ல, ஆட்கள்.

ஐரோப்பாவில் பெரிய பெரிய தேவாலயங்களைக் கட்டிய காலத்தில், கல் வேலை செய்தவர்கள் போட்டுக்கொண்ட கொட்டகைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிற்பாடு உளியே பிடித்திராத கனவான்கள் அந்தப் பெயரையும், இடுப்பில் கட்டும் ஏப்ரனையும், மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு போன்ற கருவிகளையும் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். 1717இல் லண்டனில் நான்கு லாட்ஜ்கள் சேர்ந்து 'கிராண்ட் லாட்ஜ்' என்ற தலைமை அமைப்பை உண்டாக்கின என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. 1730இல் கல்கத்தாவிலும் ஒரு லாட்ஜ் வந்துவிட்டது.

ரகசியச் சங்கம் என்று பெயர் வாங்கிய அமைப்புதான். ஆனால், ஒருவரை எப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அச்சிட்ட விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. வழக்கமாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கடவுள் நம்பிக்கை வேண்டும். எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு. லாட்ஜுக்குள் மதமும் அரசியலும் விவாதிக்கக் கூடாது. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இருவர் முன்மொழிந்து, வழிமொழிய வேண்டும். பிறகு விசாரணை. தொழில் என்ன, நடத்தை எப்படி, வீட்டில் சம்மதமா, சந்தா கட்ட முடியுமா... நம் ஊரில் மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களே, ஏறக்குறைய அதேதான்.

அதற்கப்புறம்தான் பெட்டி வரும்.

கூடியிருக்கும் ஒவ்வொருவரும் மரப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சிறு குண்டைப் போடுவார். வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. ஆங்கிலேய விதிப்படி மூன்று கறுப்புக் குண்டு விழுந்தால் ஆள் உள்ளே வர முடியாது. ஒன்றோ இரண்டோ விழுந்தாலே போதும் என்று அந்தந்த லாட்ஜ் தனக்கென விதி வைத்துக்கொள்ளலாம். யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்கக் கூடாது. உள்ளே இருப்பவர்களின் ஒற்றுமை குலையக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நியாயமாகத்தான் படுகிறது, வாசலில் காத்திருப்பவரை நினைத்துப் பார்க்கும் வரையில்.

பிரசன்ன குமார் தத் அப்படிக் காத்திருந்தவர். கல்கத்தாவைச் சேர்ந்த அவர் 1863இல் சேர விரும்பினார். அவர் விஷயத்தில் குறுக்கே நின்றது பெட்டி மட்டுமல்ல. மாகாணத் தலைவரின் அனுமதி இல்லாமல் ஆசியர் யாரையும் சேர்க்கக் கூடாது என்று வங்கத்து லாட்ஜ்களுக்கு ஓர் உள்விதி இருந்தது. தலைவருக்கோ இந்துக்களைச் சேர்ப்பதில் விருப்பமில்லை. பல தெய்வங்களைக் கும்பிடுபவர் ஒரே கடவுளை நம்புபவர் ஆவாரா? சாதி பார்ப்பவர் எல்லோரையும் சகோதரர் என்பாரா? எந்த நூலின் மீது கை வைத்து உறுதிமொழி எடுப்பார்? அந்தக் காலத்தில் எதிர்ப்பாளர்கள் கேட்ட கேள்விகள் இவை. சாதி பற்றிய கேள்வி காரமானதுதான். ஆனால் அதைக் கேட்டவர்கள், நிறம் பார்த்து ஒரு விதியைக் கையில் வைத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களிலேயே திருச்சியில் ஃப்ரீமேசன் ஆகிவிட்டார். நவாப் வீட்டுப் பிள்ளைக்குக் கதவு சீக்கிரம் திறந்தது.

பம்பாயில் பார்சிக்காரரான மானக்ஜி கர்செட்ஜிக்குத் திறக்கவில்லை. அவர் பாரிஸுக்குப் போய் அங்கே உறுப்பினராகித் திரும்பினார். அப்போதும் பம்பாய் லாட்ஜ் அவரை ஏற்கவில்லை. ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் வேறு வழி கண்டுபிடித்தார். இந்தியர்களும் சேரும்படி 1843இல் 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' என்று ஒரு புது லாட்ஜே தொடங்கிவிட்டார். கிராண்ட் லாட்ஜ் ஒன்றின் அனுமதிப் பத்திரம் இருந்தால் போதும், புது லாட்ஜ் தொடங்கலாம். இங்கிலாந்துக்கு ஒன்று, ஸ்காட்லாந்துக்கு ஒன்று என்று தனித்தனி கிராண்ட் லாட்ஜ்கள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

தத் விடவில்லை. அவருடைய விஷயம் லண்டன் வரை போனது. இந்து என்பதற்காக ஒருவரைத் தடுக்கத் தலைமை விதிகளில் இடமே இல்லை. என்றாலும், கல்கத்தாவின் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் அவர் நுழைந்தது 1872இல். ஒன்பது வருடம்!

இன்னொருவருக்கு நடந்ததையும் பார்க்கலாம். லாகூரில் பத்திரிகையில் வேலை பார்த்த ருட்யார்ட் கிப்ளிங்குக்கு 1886இல் வயது 20தான். விதிப்படி ஒரு வயது குறைவு. ஆனால் லாட்ஜுக்கு நல்ல செயலாளர் தேவைப்பட்டது. சிறப்பு அனுமதி வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். விதி வளையாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சேரும் நாளில் பணம், மோதிரம் என்று உலோகம் எதுவும் இல்லாமல், கண்ணைக் கட்டித்தான் உள்ளே அழைத்துப் போவார்கள். கோடீஸ்வரர் ஆனாலும் கையில் காலணா இருக்காது. கதவுக்கு வெளியே 'டைலர்' என்ற காவலர் வாளோடு நிற்பார். உள்ளே கிழக்கில் மாஸ்டர், மேற்கிலும் தெற்கிலும் இரண்டு வார்டன்கள். பொருளாளர், செயலாளர், நலிந்த உறுப்பினர் குடும்பங்களைக் கவனிக்க ஒருவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. மாஸ்டரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவி முடிந்ததும் அவர் நாற்காலியைக் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு உட்கார வேண்டும். பதவியை விட்டு இறங்கத் தெரிந்த சங்கங்கள் நம் ஊரில் அதிகமில்லை என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த நூலின் மீது உறுதிமொழி என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. இந்திய லாட்ஜ்களில் கீதை, குர்ஆன், பைபிள் என்று பல நூல்களை வைத்திருப்பார்கள். அவரவர் தன் நூலின் மீது கை வைக்கலாம்.

பெண்களுக்கு இந்த வழக்கமான லாட்ஜ்களில் இன்றும் இடமில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்த தனி அமைப்பு ஒன்று 1893இல் பிரான்ஸில் உருவானது. நம் அடையாறோடு சேர்த்தே நினைக்கப்படும் அன்னி பெசன்ட் 1902இல் அதில்தான் சேர்ந்தார்.

தத் நுழைந்து 12 வருடம் கழித்து, 1884 பிப்ரவரியில், அதே 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் 21 வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். பெயர் நரேந்திரநாத் தத்தா. பின்னாளில் உலகம் அவரை சுவாமி விவேகானந்தர் என்று அழைத்தது.