மூட்டைக் காவல்

அரிசோனாவில் இருக்கும் என் தங்கை, இரண்டு கோடைக்கு முன்னால் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டாள். கொலராடோ ஆறு. இரண்டு பக்கமும் சுட்ட செங்கல் நிறத்தில் பாறைச் சுவர், வானம் ஒரு கீற்றுதான் தெரிகிறது. காற்றடைத்த ரப்பர்ப் படகில் தங்கை, அவள் கணவர், பிள்ளைகள் இருவர். எல்லோர் மேலும் மிதவைச் சட்டை, எல்லோர் கையிலும் துடுப்பு. படகு ஒரு சுழிப்பில் மூக்கைத் தூக்கி நிற்கிறது. தங்கையின் வாய் ஆவென்று திறந்திருக்கிறது. அவள் அப்படி வாயைத் திறந்து நான் பார்த்தது பள்ளிக்கூடத்தில் கபடி ஆடிய நாளில்தான்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். பயப்படுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"பை, துணிமணியெல்லாம் யாருட்டி பாத்துக்கிட்டா?"

வீடே சிரித்தது. கேள்வியைத் தங்கைக்கு அனுப்பினோம். தண்ணீர் புகாத பையில் போட்டுப் படகிலேயே கட்டிவிடுவார்கள் என்று பதில் வந்தது. அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்போ கரையில ஒருத்தரும் உக்காரலியா?" என்றாள் மறுபடியும்.

நான் சிரிப்பை நிறுத்தியது அப்போதுதான்.

அம்மா பிறந்தது தென்காசி. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் சேலையைப் பிடுங்கும் அந்தக் காற்றில் வளர்ந்தவள். குற்றாலம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால், தெருப் பெண்பிள்ளைகள் சேர்ந்துகொண்டு மேலகரம் வழியாக நடந்தே போய்க் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நடந்தே திரும்பியிருக்கிறார்கள். பத்தொன்பது வயதில் கோவில்பட்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கரிசல் காட்டு ஊர். குடத்தை வரிசையில் வைத்துத் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர். அதன் பிறகு குற்றாலம் என்பது வருடத்துக்கு ஒரு முறை, அப்பா வீட்டு ஆட்களோடு வேன் வைத்துப் போகிற இடமாகிவிட்டது.

அந்த வேன் பயணங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. விடிய மூன்று மணிக்கு அம்மா எழுந்துவிடுவாள். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்த் துவையல், பிள்ளைகளுக்கு இட்லி. இதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே நாள் கணக்குப் பார்த்தல் ஆரம்பித்துவிடும். யாருக்கு எப்போது தூரம், யார் மாத்திரை போட வேண்டும் என்று அத்தைகள் அடுப்படியில் குசுகுசுப்பார்கள். அப்பா கேலண்டரில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையை. அதே கேலண்டரில் பெண்கள் பார்ப்பது இன்னொன்று.

குற்றாலம் போய் இறங்கியதும் ஆண்கள் முதலில் எண்ணெய்க்காரரிடம் போவார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு கல்லில் குப்புறப் படுத்து, முதுகு, தொடை என்று தட்டித் தட்டித் தேய்த்துவிட, நடுவீதியில் பளபளவென்று கிடப்பார்கள். உலகத்தில் எனக்குத் தெரிந்து ஆண் உடம்பு இவ்வளவு கூச்சமில்லாமல் வெயில் காயும் இடம் வேறில்லை. பெண்கள் வீட்டிலேயே உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதெல்லாம் வெகு பின்னால்.

மெயின் அருவி நேராக விழுவதில்லை. மேலிருந்து வரும் தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, அது நிரம்பி வழிந்துதான் கீழே நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அருவியடியில் யாரும் நிற்க முடியாது என்பார்கள். அப்படி வேகம் குறைந்து வருகிற தண்ணீரில் அகலமான பங்கு ஆண்களுக்கு. எங்களுக்கு ஓரம். அந்த ஓரத்தில் சேலையும் தாவணியும் சுடிதாருமாக, கால் வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்து, ஒருத்தி தலைமுடி இன்னொருத்தி வளையலில் சிக்க, ஐந்து நிமிடம் நிற்பதற்குள் பின்னால் இருப்பவள் இழுப்பாள். ஈரச் சேலையோடு உடை மாற்றும் அறைக்கு நடக்கும் நூறடி இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது செல்போன் கேமராக்களும் சேர்ந்துகொண்டன.

இவ்வளவையும் தாண்டி, எப்படியோ, எல்லாப் பெண்களும் குளித்தார்கள். அம்மாவைத் தவிர. அவள் ஒரு படிக்கட்டோரம் துணிமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். மடியில் நாலைந்து கைக்கடிகாரங்கள், அப்பாவின் பர்ஸ், அத்தைகளின் சங்கிலிகள் முடிந்த கைக்குட்டை. ஒரு கண் மூட்டையில், ஒரு கண் குரங்கில். சாரலில் நனைந்தே அவள் சேலை பாதி ஈரமாகிவிடும். "நீ குளிக்கலியாம்மா?" என்றால், "எனக்கென்ன புதுசா, நான் பொறந்ததிலிருந்து பாத்ததுதானே" என்பாள். நான் அதை அப்படியே நம்பினேன். உள்ளூர்க்காரிக்கு அருவி அலுத்துவிட்டது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இதை நம்பியதில் எனக்கே வெட்கம். ஏனென்றால் அம்மா கடைசியாகக் குளித்த நாளில் நான் அங்கே இருந்தேன்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. அத்தை ஒருத்தி வற்புறுத்தி அம்மாவை அருவிக்கு இழுத்துப் போனாள். "நான் பிள்ளைகளைப் பாத்துக்கிடுதேன், போயிட்டு வா மதினி" என்றவள் இன்னொரு அத்தை. அம்மா திரும்பி வரும்போது தம்பியைக் காணவில்லை. அரை மணி நேரம். கடைத்தெருவில் ஒரு பலூன்காரரோடு நின்றவனை யாரோ தூக்கி வந்தார்கள். பிள்ளை கிடைத்த பிறகுதான் அப்பா அம்மா பக்கம் திரும்பினார். எல்லோர் முன்னாலும், "பெத்தவளுக்குக் குளியல் கேக்குதோ?" என்றார். கை ஓங்கவில்லை. அம்மாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன அத்தையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தன் முறைக்குக் குளித்துவிட்டு வந்து முதுகு துடைத்துக்கொண்டிருந்த அப்பாவும் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன்தான் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் வகுப்பில் குற்றாலக் குறவஞ்சி நடத்துகிறவள். அம்மா நடந்துபோன அதே மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். சிங்கி தனியாக ஊர் ஊராகப் போய்க் குறி சொல்லி, உடம்பு முழுக்க நகை வாங்கிக்கொண்டு வருகிறாள். தேடி வந்த சிங்கன் அந்த நகை ஒவ்வொன்றையும் பார்த்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். அந்த இடத்தில் மாணவிகள் சிரிப்பார்கள், தங்கள் வீட்டில் கேட்ட கேள்விகள் அவை. குறிஞ்சிப்பாட்டும் நடத்தியிருக்கிறேன். அதில் தலைவியும் தோழியும் தினைப்புனத்தில் கிளி ஓட்டப் போனவர்கள். காவல் வேலை. ஆனாலும் அருவியில் ஆடுகிறார்கள், பூப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். கபிலர் அடுக்கும் பூக்கள் தொண்ணூற்றொன்பது என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்யவைப்போம். அந்தப் பெண்கள் காவல் வேலையை விட்டுவிட்டுக் குளித்தார்கள் என்பதை இருபது வருடத்தில் நான் ஒரு முறையும் வகுப்பில் சொன்னதில்லை. ரசிகமணி டி.கே.சி.யின் குற்றாலத்து வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கியதையும், அங்கே நடந்த கம்பன் பேச்சையும் விருந்தையும் ரசித்துச் சொல்வேன். அந்த விருந்தின் அடுப்படிப் பக்கம் நானும் போனதில்லை, என் மாணவிகளும் போனதில்லை.

தங்கையின் படம் வந்த பிறகு அந்தக் கொலராடோ ஆற்றைப் பற்றிப் படித்தேன். 1938இல் எல்சாடா க்ளோவர், லோயிஸ் ஜாட்டர் என்று இரண்டு பெண்கள், தாவரவியல் படித்தவர்கள், மூன்று மரப்படகுகளில் ஆண்களோடு புறப்பட்டு அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்திருக்கிறார்கள். அதைக் கடந்த முதல் பெண்கள் அவர்கள்தான். கள்ளியும் செடியும் சேகரித்து அழுத்திக் காயவைத்துக் கொண்டுவந்தார்கள். பத்திரிகைகளுக்கு அவர்கள் தாவரவியலாளர்கள் என்பதைவிடப் பெண்கள் என்பதுதான் செய்தி. அந்தப் பயணத்தில் சமையலும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. இதைப் படித்ததும் அம்மாவிடம் சொன்னேன். "பொறவு?" என்றாள், தெரிந்த கதையைக் கேட்கிறவள் போல.

போன ஆடியில் போனோம். அம்மா, நான், என் மகள், என் கணவர், தம்பி, தம்பி மனைவி. முதல் நாளே சொல்லிவிட்டேன், இந்த முறை பைக்குக் காவல் என் கணவரும் தம்பியும் என்று. கணவர், "தாராளமா" என்றார். அந்தத் தாராளத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இப்போதும் பிடிபடவில்லை.

பழைய குற்றாலம் வேண்டாம் என்று மகள் சொன்னாள். 2024 மே 17 அன்று அங்கே திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு பதினேழு வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். சீசன்கூட இல்லாத மாதம். மலையில் பெய்த மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியாமல் இறங்கிவிட்டது. மகளைவிட ஒரு வயது சின்னவன். அந்த வீடியோவை அவள் எத்தனை முறை பார்த்தாளோ. ஐந்தருவிக்கே போனோம். ஐந்தில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான்.

அம்மா வேனை விட்டு இறங்கும்போதே வழக்கப்படி மஞ்சள் பையைக் கையில் மாட்டிக்கொண்டாள். மகள் அதைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தாள். "இவன்கிட்டயா?" என்றாள் அம்மா. தம்பிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, ஒரு கிளையில் வங்கி மேலாளர். "ஏம்மா, ஒரு பையைப் பாத்துக்கிட மாட்டனா?" என்றான். அம்மா அவனைப் பார்த்த பார்வையில் நாலு வயதுப் பலூன் தெரிந்தது எனக்கு. அவனுக்கு அந்தக் கதையே தெரியாது. இத்தனை வருடத்தில் அம்மா அதை ஒரு முறைகூட அவனிடம் சொல்லிக்காட்டவில்லை.

முழங்கால் வலிக்காரி. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மகள். வழுக்குப் பாறையில் அவள் பெருவிரலை ஊன்றி ஊன்றி நடந்தாள், எங்கே ஊன்ற வேண்டும் என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தபடி. பெண்கள் பக்கம் கூட்டம். "ஆச்சிக்கு வழி விடுங்கக்கா" என்று மகள் கத்தினாள். ஆச்சரியம், வழி விட்டார்கள். முன்னால் நின்ற ஒரு பெண், யாரோ, எந்த ஊரோ, அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கம்பியில் வைத்து அழுத்தினாள்.

தண்ணீர் பிடரியில் விழுந்ததும் அம்மா கத்தினாள். சொல் ஒன்றும் இல்லை, வெறும் சத்தம். கொண்டை அவிழ்ந்து வெள்ளை முடி முகமெல்லாம் ஒட்டிக்கொண்டது. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். நான் பயந்துபோய், "போதும், வாம்மா" என்றேன். கேட்கவில்லையா, கேட்காததுபோல் இருந்தாளா தெரியாது. பின்னால் இருந்த பெண்கள் இழுக்கவில்லை. மூன்று நிமிடம் இருக்கும், நாலு இருக்கும். கண்ணைத் திறந்ததும் அவள் முதலில் பார்த்தது பைகள் இருக்கும் திசையை.

பைகள் இருந்தன. கணவர் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். தம்பி போனில் யாரிடமோ கடன் விவரம் பேசிக்கொண்டு, மஞ்சள் பையை மட்டும் சொன்னபடி கையில் மாட்டியிருந்தான். மாட்டியவன் சாரலில் நின்றிருந்தான். உள்ளே இருந்த அம்மாவின் மாற்றுச் சேலை, ஜாக்கெட், உள்பாவாடை எல்லாம் பிழியப் பிழிய ஈரம். "பையைத்தானே பாக்கச் சொன்னீங்க" என்றான். தம்பி மனைவி அவனிடம் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

கடைசியில் மகளின் நைட்டியை அம்மா போட்டுக்கொண்டாள். பூனைப் படம் போட்ட நைட்டி. எழுபத்தொரு வயதில் முதல்முறை. அதோடு வேனை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிரானூர் பார்டரில் நாங்கள் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மாவுக்கு இலை வேனுக்குள் போனது. இந்த முறை கொண்டுபோனது தம்பி. அவனுக்கு நான் பலூன் கதையைச் சொன்னது அங்கே கை கழுவும் இடத்தில்தான். அவன், "என்னையத் தொலைச்சது நீங்கதானா?" என்று முதலில் சிரித்தான். பிறகு வேனுக்குப் போனவன் வெகு நேரம் திரும்பி வரவில்லை. என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை.

கோவில்பட்டிக்குத் திரும்பும் வழியில் அம்மா, "நான் குளிச்சத ஒருத்தரும் போட்டோ எடுக்கலியே" என்றாள். கை காலியாக இருந்தால்தானே எடுக்க, நாங்கள் இருவரும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவள் என் போனை வாங்கி, தங்கையின் படகுப் படத்தைத் தேடி எடுக்கச் சொன்னாள். விரலால் விரித்து, தங்கையின் வாயைப் பெரிதாக்கினாள்.

"இவ என்ன கத்துதா?" என்றாள்.

"தெரியலம்மா. தண்ணி அடிச்சிருக்கும்."

"நானும் இப்படித்தான் கத்துனனா?"

"இதவிடச் சத்தமா ஆச்சி" என்றாள் மகள், பின் சீட்டிலிருந்து.