தோற்றுப்போன பென்குயின்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

லினக்ஸ் என்றதும் உங்களில் பலருக்கு ஒரு பென்குயின் நினைவுக்கு வரும். வயிறு முட்டத் தின்றுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் குண்டுப் பென்குயின். அதன் பெயர் டக்ஸ். 1996இல் லாரி ஈவிங் என்பவர் வரைந்தது. லினக்ஸுக்கு லோகோ வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். அதற்காக வரைந்த படம்தான் அது. போட்டியில் அது ஜெயிக்கவில்லை! ஜெயித்த படம் எது என்று இன்று கேட்டால் கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்களுக்கே தெரியாது. தோற்ற பென்குயினை உலகத்துக்கே தெரியும்.

காரணம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இந்தப் படத்தைப் பயன்படுத்தலாம், மாற்றியும் வரையலாம், யாராவது கேட்டால் என் பெயரையும் கிம்ப் மென்பொருளின் பெயரையும் சொன்னால் போதும் என்று ஈவிங் அனுமதி கொடுத்துவிட்டார். அந்த கிம்ப்பும் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் எழுதி இலவசமாக வெளியிட்டதுதான். ஆசிரியையாக இருந்தவளுக்கு இதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

பிள்ளைகள் ஓபன் சோர்ஸ் என்று சொல்லும் இந்த மென்பொருள்களில் படப் போட்டி வைப்பது இன்றும் நடக்கிறது. உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வெளியிடும். அதற்கு வால்பேப்பர் படங்களைப் பொதுமக்களிடம் கேட்டு வாங்குவார்கள். டெபியனில் ஒவ்வொரு பதிப்பின் தோற்றத்துக்கும் ஆளுக்கொரு வரைவு அனுப்புவார்கள், ஓட்டெடுப்பு நடக்கும். இங்க்ஸ்கேப்பில் அந்த மென்பொருளை வைத்தே வரைந்த படம்தான் போட்டிக்கு வரலாம். 2024இல் வந்த கேடிஇ பிளாஸ்மா 6க்கு வால்பேப்பர் வரைந்து ஜெயித்தவருக்கு ஒரு லேப்டாப் பரிசு. ஆனால் பல போட்டிகளில் பரிசு என்பது பெயர் போடுவது மட்டும்தான்.

என் தங்கை மகள் இப்படி ஒரு போட்டிக்குப் படம் அனுப்பப் போகிறேன் என்றாள். "பெரியம்மா, தேர்வானா உலகம் பூரா கம்ப்யூட்டர்ல என் படம் இருக்கும்" என்று குதித்தாள். அதை நான் பெருமையாக என் பழைய மாணவன் ஒருவனிடம் போனில் சொன்னேன். அவன் லோகோ, விளம்பரம் எல்லாம் வடிவமைத்துத்தான் குடும்பத்தை நடத்துகிறான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டீச்சர், அது ஓசி வேலை. பத்துத் தையல்காரர்கிட்ட சட்டை தைக்கச் சொல்லி, பிடிச்ச ஒண்ணுக்கு மட்டும் கூலி குடுப்பீங்களா? நூறு பேர் ராத்திரி பகலா வரையறான். ஒருத்தனுக்குக் கைதட்டல். மத்தவன் உழைப்பு குப்பைக்குப் போகுது. இதைப் பார்த்துட்டு என்கிட்ட வர்ற கஸ்டமரும், முதல்ல நாலு மாடல் போட்டுக் காட்டு, பிடிச்சா காசு தர்றேன்னு சொல்றான்."

இது அவன் ஒருவனுடைய புலம்பல் அல்ல. அமெரிக்காவில் 1914இல் தொடங்கிய ஏஐஜிஏ என்ற வடிவமைப்பாளர் சங்கம் இந்த வழக்கத்தை வெகுகாலமாக எதிர்க்கிறது. நோ ஸ்பெக் என்று இதற்காகவே ஓர் இயக்கமும் நடக்கிறது. அவன் இன்னொன்றும் சொன்னான். "புரோகிராம் எழுதறவனும் சும்மாதானே எழுதறான்னு சொல்வாங்க டீச்சர், நம்பாதீங்க" என்றான். அது உண்மைதான். லினக்ஸின் மையப் பகுதிக்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்கள். எழுதியது ஏற்கப்படாவிட்டால், ஏன் ஏற்கவில்லை, எதைத் திருத்த வேண்டும் என்று பெரும்பாலும் பதில் வரும். திருத்தி மறுபடி அனுப்பலாம். போட்டிக்குப் படம் அனுப்பித் தோற்றவருக்குப் பெரும்பாலும் காரணமே தெரியாது.

அவன் கோபத்துக்கு இன்னொரு வேரும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது மாவட்ட அளவில் ஓவியப் போட்டி வந்தது. எங்கள் பள்ளியில் இருந்து பதினோரு படங்கள் அனுப்பினோம். ஒன்றுக்கும் பரிசு இல்லை. அது பரவாயில்லை. படங்களும் திரும்பி வரவில்லை. இரண்டு முறை கடிதம் எழுதினேன், பதில் இல்லை. இவன் பல வாரம் என் மேஜைக்கு வந்து "என் படம் எங்க டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஏன் பரிசு கிடைக்கவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. படத்தைத்தான் கேட்டான்.

அதனால் இந்த விஷயத்தில் அவன் சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை. ஆனால் எல்லாப் போட்டியும் ஒன்று என்றும் சொல்ல முடியவில்லை. வகுப்பில் கணக்கைப் பிரித்துப் போடச் சொல்வேன் அல்லவா, அப்படிப் பிரித்துப் பார்த்தேன்.

முதல் கேள்வி: ஜெயித்த படம் யாருக்குச் சொந்தமாகிறது? ஒரு கம்பெனி தன் வியாபாரத்துக்குப் போட்டி வைத்தால் படம் அந்தக் கம்பெனிக்குப் போய்விடும். வரைந்தவரே அதைத் தொட முடியாது. ஓபன் சோர்ஸ் போட்டிகளில் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். படம் எல்லாருக்கும் பொது. வரைந்தவர் பெயர் கூடவே வரும். ஊர்க் கோயில் வாசலில் மார்கழிக் கோலம் போடுவது மாதிரி. அதற்கு யாரும் கூலி கேட்பதில்லை, அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதும் இல்லை.

இரண்டாவது: தோற்ற படத்தின் கதி என்ன? அது வரைந்தவரிடமே இருக்கிறதா, வேறு இடத்தில் பயன்படுத்தலாமா? டக்ஸுக்கு அந்த வழி இருந்தது. எங்கள் பதினோரு படங்களுக்கு இல்லை.

மூன்றாவது: கேட்கிற காரியம் எவ்வளவு பெரியது? வால்பேப்பர் என்பது ஒரு பதிப்போடு மாறிப்போகும். பத்துப் பதினைந்து படங்களுக்கு இடம் இருக்கும், பிடிக்காதவர் மாற்றிக்கொள்வார். லோகோ அப்படி இல்லை. சின்னஞ்சிறு பொட்டாகத் திரையில் தெரிந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும், கறுப்பு வெள்ளையிலும் எடுபட வேண்டும், வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். அது ஓட்டுப்போட்டு எடுக்கும் காரியம் அல்ல, தொழில் தெரிந்தவர் உட்கார்ந்து செய்யும் வேலை. அழகாக இருப்பதற்கு ஓட்டு விழும், பொருத்தமாக இருப்பதற்கு விழும் என்று சொல்ல முடியாது. பயர்பாக்ஸ் வெளியிடும் மொசில்லா 2016இல் தன் லோகோவை மாற்ற நினைத்தபோது போட்டி வைக்கவில்லை. லண்டனில் உள்ள ஜான்சன் பேங்க்ஸ் என்ற தொழில்முறை நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஆனால் வரைவுகளை எல்லார் பார்வைக்கும் வைத்துக் கருத்துக் கேட்டது. 2017 ஜனவரியில் லோகோ வெளிவந்தது. உழைப்பவருக்கு மரியாதை, ஊருக்கும் பேச்சுரிமை. எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.

ஆக, தங்கை மகளிடம் தாராளமாக அனுப்பு என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் விதிகளை உட்கார்ந்து முழுசாகப் படிக்க வைத்தேன். மழை விட்ட மறுநாள் எங்கள் ஊர் ஏரியை வரைந்து அனுப்பியிருக்கிறாள். முடிவு வரவில்லை. டெபியனில் ஒரே பெண் கலைஞரின் வரைவுகள் 2015, 2017, 2021, 2023 என்று நான்கு பதிப்புகளுக்குத் தேர்வாயின. நடுவில் 2019இல் வேறொருவர் வரைவு தேர்வானது. அதற்குப் பிறகும் அவர் வரைந்திருக்கிறார் பாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மாணவனுக்கும் ஒரு சொல். வியாபாரத்துக்கு ஓசியில் மாடல் கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்வது கர்வம் இல்லையப்பா. உன் கைக்கு நீ வைக்கும் விலை அது. நீ சொல்லிக்கொண்டே இரு.

கடைசியாக, சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு. உங்கள் குழுவில் நாளைக்கு இப்படி ஒரு போட்டி வைத்தால், டீச்சருக்காக இரண்டு காரியம் செய்யுங்கள். படம் வந்து சேர்ந்தது என்று அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பதில் போடுங்கள். தேர்வாகாத படங்களையும் பெயரோடு எல்லாரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். செலவு ஒன்றும் இல்லை. என் படம் எங்கே என்று யாரும் வந்து கேட்கும்படி விடாதீர்கள்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் சரி, எழுத்துப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்