உட்கார வைத்த இடத்தில்

அந்தத் தாளை எனக்குக் கொடுத்தது என் வகுப்புப் பையன் ஒருவனுக்காக. உள்ளடக்கிய கல்வி பற்றி வட்டார வள மையத்தில் இரண்டு நாள் பயிற்சி. நாற்பது ஆசிரியர்கள், இரண்டு மின்விசிறிகள், மதியம் தக்காளி சாதம். ஏழாம் வகுப்பில் ஒருவன் யாரோடும் சேராமல் இருக்கிறான் என்று நான் சொல்லியிருந்தேன். சிறப்பாசிரியர் ஒரு பட்டியலைத் தந்து, பொருந்துவதற்கு நேராக டிக் அடிக்கச் சொன்னார். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ஒரே உணவைத் திரும்பத் திரும்பக் கேட்பார். வழக்கம் மாறினால் கலங்கிப்போவார். பையனுக்கு ஆறு டிக் விழுந்தது. பேனாவை மூடிவிட்டு, கண்ணாலேயே இன்னொரு முறை மேலிருந்து கீழே இறங்கினேன். எனக்கு அவனைவிட அதிகம்.

அப்போது எனக்கு 39 வயது. கணக்கு டீச்சர். இரண்டு பிள்ளைகள்.

தாளின் தலைப்பில் ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்றிருந்தது. அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்கு இப்படியொரு பெயர் உண்டு. மதி இறுக்கம் என்றும் சொல்கிறார்கள். எந்தப் பெயரும் எனக்கு ஒட்டவில்லை. புற உலகம் என்னிடம் அளவுக்கு மிஞ்சியல்லவா நுழைகிறது? பக்கத்து வகுப்பில் நாற்காலி இழுபடுவது, முன்னால் நிற்பவர் தலையில் வாடிப்போன மல்லிகை, டியூப்லைட்டின் ரீங்காரம் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில். அதில் எதைத் தள்ளிவைப்பது என்றுதான் தெரியாது.

மதிய இடைவேளையில் பயிற்சியாளரிடம் கேட்டேன். “சின்ன வயசுல இருந்தா பெரியவங்க ஆனாலும் இருக்கும் டீச்சர். ஆனா பொம்பளப் பிள்ளைங்களுக்கு அபூர்வம்” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். 1943இல் லியோ கேனர் விவரித்த 11 குழந்தைகளில் மூவர்தான் பெண்கள். அடுத்த ஆண்டு ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நால்வரும் பையன்கள். இவர்களுக்கு முன்பே, 1920களில், மாஸ்கோவில் கிரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதே போன்ற பையன்களைப் பற்றி எழுதினார். பிறகு பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுதினார். அவர் பெயர் பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. பையன்களைப் பார்த்து அளவுகோல் செய்தார்கள், அந்த அளவுகோலில் பெண்கள் குறைவாகத் தேறினார்கள், ஆகவே பெண்களுக்கு அபூர்வம் என்றார்கள். நிரூபிக்க வேண்டியதையே நிரூபணத்துக்குள் வைத்து எழுதினால் என் பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணும்போது இருக்கும் ஆண் பெண் இடைவெளி, மக்களிடையே தேடிப் போய் எண்ணினால் குறைந்தது. ஏறக்குறைய மூன்று ஆணுக்கு ஒரு பெண்.

இரண்டு வருடம் படித்தேன். சைமன் பேரன்-கோஹென் குழு 2001இல் வெளியிட்ட 50 கேள்விகளுக்கு விடை எழுதினேன். 32 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு; எனக்கு 38. நம்பாமல், மூன்று மாத இடைவெளி விட்டு மறுபடி எழுதினேன். 39. கேள்வித்தாளை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். மனப்பதற்றம் உள்ளவர்களும், சிறுவயதில் அடிபட்டவர்களும் இதே விடைகளைத் தரலாம். அதனால்தான் மருத்துவரைத் தேடினேன். என் விடைத்தாளை நானே திருத்திக்கொள்வது முறையில்லை.

திருச்சியில் ஒரு மனநல மருத்துவர். ஆறு வயதிலிருந்து நினைவிருப்பதையெல்லாம் ஆண்டு வாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதைத் திறக்கவில்லை.

“என்ன பண்றீங்க? டீச்சரா? கல்யாணம் ஆயிடுச்சு. குழந்தைங்க? ரெண்டு. என் மூஞ்சியப் பார்த்துத்தானே பேசறீங்க? ஆட்டிசம் இருந்தா இப்படி வந்து உக்காந்து பேச முடியாதும்மா. மொபைல்ல கண்டதையும் படிக்காதீங்க.” பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். “வீட்ல ஏதும் பிரச்சினையா சார்?”

“கொஞ்சம் டென்ஷன் ஆவாங்க சார்” என்றார் இவர்.

ஏழு நிமிடம். பதற்றத்துக்கு மாத்திரை. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த மாத்திரையால் தூக்கம் வந்தது. பதற்றம் எனக்கு இல்லாமலும் இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி. அந்த நோட்டு முழுக்க அதுதான் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கரூர் வந்ததும் “நோட்டை அவர் படிச்சிருக்கலாம்” என்றார். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு புருவத்துக்கு நடுவில் பார்த்தேன். பி.எட். படிக்கும்போது கற்றுக்கொண்டது. நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பேசுகிறேனே என்கிறார்கள். வகுப்பறையில் யார் எப்போது பேசலாம் என்பதற்கு விதி இருக்கிறது. கை தூக்க வேண்டும். மணி அடித்தால் முடிந்தது. பின்னங்களைப் பற்றி நான் பேசினால் யாரும் பேச்சை மாற்றமாட்டார்கள். பள்ளியில் எனக்கு முடியாத இடம் ஆசிரியர் அறை. அங்கே நுழையுமுன் சொல்ல இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருப்பேன்: ஒன்று மழை பற்றி, ஒன்று அகவிலைப்படி பற்றி. யாராவது மூன்றாவதாக ஒன்றைக் கேட்டுவிட்டால் சிரித்துவைப்பேன். வீட்டுக்கு வந்ததும் அரிசி டிரம் இருக்கிற அறையில் விளக்குப் போடாமல் அரை மணி நேரம் படுத்திருப்பேன். “அம்மா சார்ஜ்ல இருக்கு” என்று என் பிள்ளைகள் வந்தவர்களிடம் சொல்லும். அந்த அரை மணி நேரம் எந்த மருத்துவரின் கண்ணிலும் படாது.

கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் பின்னாளில் மறைந்திருக்கலாம் என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலேயே 2013 முதல் இருக்கிறது. இங்கே பெண் பிள்ளைக்கு அந்த உத்திகளைக் கற்றுக்கொடுக்க ஊரே இருக்கிறது. “எங்க புள்ள நிமிந்து பாக்காது” என்று பெரியம்மா ஊரெல்லாம் பெருமை சொல்வார். என்னைப் பெண்பார்க்க வந்த அன்று கூடத்தில் இருந்த டபராக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று, ஒன்றின் விளிம்பு நசுங்கியிருந்தது. அடக்கமான பொண்ணு என்று அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். என் வகுப்புப் பையன் நிமிர்ந்து பார்க்காததற்குப் பட்டியல் கொடுத்தார்கள். எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். (என்னைப் போல வாய் மூடியிருக்கத் தெரியாமல், கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிற பெண்ணுக்குத் திமிர் என்று பெயர். இல்லையென்றால் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிப்பார்கள்.)

இரண்டாவதாகப் போனது கோயம்புத்தூரில் ஒரு மருத்துவ உளவியலாளரிடம். அவர் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். போனபோது ஓரத்தில் பென்சில் குறிகள் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவை அழைத்து வர முடியுமா என்று கேட்டார். சின்ன வயதில் எப்படி இருந்தேன் என்று பார்த்தவர் சொல்ல வேண்டுமாம்.

அம்மாவுக்கு 68 வயது. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். “ஒரு தொந்தரவு கெடையாதுங்க. உக்கார வச்ச எடத்துலயே இருக்குமுங்க” என்றார். என் வழக்கு அங்கேயே தோற்றது என்று நினைத்தேன்.

உளவியலாளர் அதை எழுதிக்கொண்டு, “உக்காந்துட்டு என்ன பண்ணுவாங்கம்மா?” என்றார்.

“புளியங்கொட்டைய வரிசையா வச்சுட்டிருக்கும். கருப்பு தனி, செவப்பு தனி. அக்கா பல்லாங்குழி ஆடக் கூப்புட்டா வராது. ஒரு கொட்டைய எடுத்துட்டம்னா அன்னிக்குச் சோறு எறங்காது.” அம்மா கொஞ்சம் நிறுத்தினார். “சரிகை வச்ச பாவாடை போடமாட்டேன்னு ஒரே அழுவை. தீபாவளி அன்னிக்கு அடிச்சுத்தான் போட்டுவுட்டேன். குத்துது குத்துதுன்னுச்சு. எல்லாப் புள்ளைகளுந்தான போடுது?”

தொண்டை வறண்டது எனக்கு. அந்தப் பாவாடை என் நோட்டில் இருந்தது. அம்மாவுக்கும் நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏனுங்க, எங்க வளர்ப்புல ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?”

அம்மா எட்டாவதோடு நின்றவர். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அமெரிக்காவில் ஒரு புத்தகமே எழுதி, தாயின் பாசமின்மைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பரப்பியது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்தக் கொள்கை பொய்யாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஒரு தாய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான். “இல்லீங்கம்மா. பிறப்புலயே வர்றது. நீங்க பண்ணதுனால இல்லை” என்றார் உளவியலாளர். அம்மா தலையாட்டினார். நம்பினாரா தெரியவில்லை. திரும்பும்போது பஸ் ஹாரன் அடிக்க அடிக்க முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். எப்போதும் செய்வதுதான்.

மூன்று அமர்வுகளுக்குப் பிறகு அறிக்கை கைக்கு வந்தது. ஆட்டிசம் என்றே எழுதியிருந்தார், கூடவே மனப்பதற்றம் என்றும். சான்றிதழ் வேறு விஷயம் என்று அவரே விளக்கினார். 2016 சட்டம் பட்டியலிட்ட 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் உண்டு. ஆனால் சான்றிதழுக்கான ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஆக மிகக் குறைந்தது 40, மிக அதிகம் 200. 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. பேச்சு வராத குழந்தையைக் கண்டுபிடிக்க உதவும் கேள்விகள் அதில் நிறைய. புருவத்துக்கு நடுவில் பார்க்கப் பழகியவளை அது எப்படி எண்ணும்? நான் இன்னும் அங்கே போகவில்லை. போய், 68 என்று வந்துவிட்டால் என்ற பயம்தான்.

அறிக்கையைத் தலைமையாசிரியையிடம் காட்டவில்லை. தலைவலி என்று சொல்லி, இடைவேளையில் நூலக அறையில் உட்கார அனுமதி வாங்கினேன்.

சென்ற மாதம் எட்டாம் வகுப்பு ரேங்க் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். இரண்டு வருடமாக என்னிடம்தான் படிக்கிறாள். ஜாமெட்ரி பாக்ஸைத் தினமும் ஒரே வரிசையில் அடுக்குவாள், மணி அடிக்கும்போது தோள் தூக்கிப்போடும். அவள் கார்டில் போன வருடக் குறிப்பு என் கையெழுத்தில் இருந்தது: ‘அமைதியான, அடக்கமான மாணவி.’

சிறப்பாசிரியருக்குப் போன் செய்து, அந்தப் பட்டியல் இன்னொரு பிரதி இருக்குமா என்று கேட்டேன். எந்தப் பையனுக்கு டீச்சர் என்றார்.