மண்டையைத் திறவாமல் மூளையைக் காணல்

தமிழில் ‘ஒளி’ என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பெயராக நின்றால் அது வெளிச்சம். வினையாக நின்றால் மறைந்துகொள்ளுதல். ஒன்று காட்டுவது, மற்றொன்று மறைப்பது. மறைந்து கிடக்கும் நோயை ஒளியைக் கொண்டே வெளிக்கொணரும் ஓர் அறிவியலைப் பற்றிப் படித்தபோது, இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் கூடி நிற்பதன் அருமை எனக்கு விளங்கிற்று.

காய்ச்சலின் வரலாறு எங்கள் பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. 1895-இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணையைக் கட்டக் காடேறிய தொழிலாளர் பலர் மலேரியாவுக்கு இரையாயினர். அக்காலத்தில் மலேரியாவுக்குக் கிடைத்த மருந்து கொய்னா. கசப்பான அம்மருந்துக்கு வேறொரு பெருமையும் உண்டு. கொய்னாக் கரைசல் வெயிலில் நீலமாய் மிளிர்வதை 1845-இல் ஜான் ஹெர்ஷல் எழுதிவைத்தார். கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குப் புலனாகும் நீல ஒளியாக அது திருப்பித் தருகிறது என 1852-இல் விளக்கியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். இதனையே உடனொளிர்வு என்கிறோம்.

அணை நீர் வந்தது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் விளைந்தது. நெல் விளையும் தேங்குநீரில் ‘கியூலெக்ஸ்’ இனக் கொசுக்களும் விளையும். கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றின் குருதியில் பெருகும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நச்சுயிரியை மனிதருக்குக் கொண்டுவருபவை இவையே. இந்தியாவில் இந்நோயாளிகள் முதன்முதல் அறியப்பட்டது 1955-இல், வேலூர்ப் பகுதியில். 1985-இல் மதுரையில் நிறுவப்பெற்ற மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், வயலில் வேம்பின் பயனையும், நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சும் முறையையும் சோதித்து, கொசுப் பெருக்கத்தைக் குறைக்கும் வழி தேடியது.

இந்நச்சுயிரி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எவ்வகை அறிகுறியும் தோன்றுவதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. ஆனால் அவ்வாறு கடுமையானவர்களுள் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரிலும் பலர் பேச்சையோ நடையையோ நினைவையோ இழக்கின்றனர். நச்சுயிரியை நேரே கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை, தடுப்பூசியே காவல்.

என் சின்னம்மாவின் மகனுக்கு எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டது. எக்கிருமியால் வந்ததென்று எவரும் கண்டறியவில்லை. வலிப்பு வந்ததும் அத்தா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பேருந்து ஏறினார். பதினொரு நாள் அவன் கண் திறக்கவில்லை. “ஐயா, உள்ளே என்னதான் நடக்கிறதென்று பார்த்துச் சொல்லக்கூடாதா?” என்று சின்னம்மா கேட்டார். “முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டோம், அம்மா. மண்டைக்குள் எட்டிப் பார்க்க வழியில்லையே” என்றார் மருத்துவர். தம்பி பிழைத்தான். ஆயினும் ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க அவனுக்கு இன்றும் நெடுநேரம் ஆகிறது. சின்னம்மாவின் கேள்வியும் அவ்வாறே என்னுள் நெடுங்காலம் நின்றது.

அக்கேள்விக்கான விடை சிறிது சிறிதாக வந்துகொண்டிருக்கிறது. மூளையில் ‘மைக்ரோகிளியா’ என்னும் காவல் உயிரணுக்கள் உள்ளன. நோய் நுழைந்தால் அவை கிளர்ந்தெழுந்து அழற்சியை உண்டாக்கும். எல்லை மீறினால் காவலே கேடாகும். மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அனிர்பன் பாசு குழுவினர், ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் இவ்வணுக்கள் சுரக்கும் பொருள்களே நரம்பணுக்களை மடியச் செய்வதை 2007-இல் வெளியிட்டனர். மினோசைக்ளின் என்னும் பழைய மருந்து இவ்வழற்சியைத் தணித்து எலிகளைக் காப்பதை 2008-இல் காட்டினர். பின்னர் லக்னோவில் நோயாளிகளிடம் அம்மருந்து சோதிக்கப்பட்டது. 2016-இல் வெளிவந்த முடிவு உறுதியான வெற்றியாக அமையவில்லை.

இவ்வகை ஆய்வுகளில் மூளைத் திசுவைக் காண எலியைக் கொன்றாக வேண்டும். மூன்றாம் நாளுக்கு ஓர் எலி, ஐந்தாம் நாளுக்கு வேறோர் எலி. ஒரே உயிரில் அழற்சி எழுந்து தணியும் கதையை இம்முறையால் காண இயலாது. இங்கேதான் உடனொளிர்வு உதவுகிறது. டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரலிடுக்கில் சிவப்பு மட்டுமே கசியும். மற்ற நிறங்களைக் குருதியும் தசையும் விழுங்கிவிடும். சிவப்பையும் கடந்த அகச்சிவப்பில், 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளி இன்னும் ஆழம் செல்லும். அந்த ஒளியில் மிளிரும் சாயத்தை, அழற்சியுற்ற அணுக்களைத் தேடிப் பற்றும் மூலக்கூற்றோடு பிணைத்து எலியின் வால் நாளத்தில் செலுத்துவர். எலியை மயக்கத்தில் ஆழ்த்தித் தலைமயிரை மழித்து ஒளி பாய்ச்சினால், நோயுற்ற இடத்தின் மிளிர்வு தோலையும் எலும்பையும் கடந்து படக்கருவியில் பதியும். மயக்கம் தெளிந்த எலி எழுந்து ஓடும். நாளை மீண்டும் அதே எலியைக் காணலாம். மருந்து வேலை செய்கிறதா என்று நாள்தோறும் பார்க்கலாம். கொல்லப்படும் எலிகளின் எண்ணிக்கையும் குறையும். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜீ தாய் குழுவினர், கரி நானோகுழாய்களைக் கொண்டு 1,300 நானோமீட்டருக்கும் மேற்பட்ட ஒளியில், எலியின் மண்டையைத் திறவாமலே இரண்டு மில்லிமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் குருதி நாளங்களைக் கண்டனர்.

எலியின் மண்டையோடு மெல்லியது, நம்முடையது தடித்தது. இதே விளக்கை நாளை ஒரு குழந்தையின் தலையில் பிடித்துவிட முடியாது. எலியைக் காத்த மருந்து மனிதரையும் காக்கும் என்பதற்கு உறுதியில்லை என லக்னோ நமக்குக் கற்பித்துள்ளது. ஆயினும் பயன்தராத மருந்துகளை விரைவில் கழிப்பதும், பயன்தருவதை எந்நாளில் தொடங்க வேண்டும் என அறிவதும் சிறு உதவிகளல்ல. பதினொரு நாள் இருட்டில் காத்திருந்த தாய்க்கு அதன் மதிப்புத் தெரியும்.

மாணவச் செல்வங்களே! காய்ச்சலோடு வலிப்போ, தடுமாற்றமோ, மயக்கமோ கண்டால் மந்திரிக்கவும் வேப்பிலை அடிக்கவும் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள் என்று உங்கள் தெருவில் சொல்லுங்கள். அறிவியல் பயில்வோர் அத்தாய்மாரின் கேள்விகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். தமிழ் பயில்வோர் ஆய்வுக்கூடத்தின் விடைகளை, அவர்களுக்குப் புரியும் சொற்களில் வீட்டு வாசலுக்குக் கொண்டு வாருங்கள். ஒளிந்திருப்பதை ஒளிரச் செய்யும் பணியில் இரு சாராருக்கும் இடமுண்டு.